ஐந்தாவது கை

அத்தியாயம் 14

மூன்று வருடம் காத்திருந்த விசா போன வாரம் வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளை அண்ணி ஒரே ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, மாமியாருக்கு வைத்த சூப் ஆறிவிடும் என்று எழுந்து போனாள். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

விசாவின் அடியில் ஒரு தேதி இருந்தது. அதற்குள் போய் இறங்கியாக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

அண்ணன் அங்கே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். படம்கூட அனுப்பினான். ஜன்னலில் நீலத் திரை. அண்ணி அந்தத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, "இஸ்திரி போடாம மாட்டியிருக்காரு" என்றாள். மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை விட்டாள். ஒன்பது வருடம் ஊரார் மூக்கில் ஃப்ரேம் பொருத்திய கை.

டிக்கெட்டைப் பாப்பா போட்டாள்.

பாப்பா, அண்ணனின் தங்கை. வயது முப்பத்தொன்று. விமான நிலையத்தில் ஏழாம் கவுண்டரில் சாம்பல் கோட்டுப் போட்டு நின்று, நாள் முழுக்க அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறவள். வாசல்படி ஏறினால் பாப்பா. பிறந்தபோது வைத்த பெயரை வீட்டில் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணன் இருக்கும் ஊருக்கு நேராகப் போகும் விமானம் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாறுவதற்கு இரண்டு வழி. ஒன்றில் காத்திருப்பு மூன்று மணி நேரம். இன்னொன்றில் பதினான்கு. பாப்பா பதினான்கைத் தேர்ந்தெடுத்தாள். காத்திருப்பு அவ்வளவு நீண்டால் விமானக் கம்பெனியே ஓட்டல் அறை கொடுக்கும். முதல்முறை பறக்கிறவள். விடிய விடிய இரும்பு நாற்காலியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நல்ல எண்ணத்தோடுதான் செய்தாள். அதில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை காலை வரை சந்தேகம் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை ஏழாம் கவுண்டருக்கு ஒரு பம்ப் மெக்கானிக் வந்தார். பெட்டி சின்னது. கருவிப் பை பெரியது. எடை சரியாக இருந்தது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், எல்லாம் சரி.

"கார்டு எங்க சார்?"

"எந்தக் கார்டு மேடம்?"

"மஞ்சள் கார்டு. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட கார்டு."

"மஞ்சள் காமாலை எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சே."

"அது வேற சார். இது கொசுவால வர்றது."

மெக்கானிக் சிரித்தார். விஷயம் கொசுதான் என்று தெரிந்ததில் அவருக்கு நிம்மதி. "நான் போற ஊர்ல கொசுவே கிடையாதாம் மேடம். குளிரு."

"நீங்க போற ஊர்ல இல்ல. நடுவுல இறங்குற ஊர்ல இருக்கு. அங்க பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல தங்கிட்டுப் போனா, போற ஊர்க்காரங்க கார்டு கேப்பாங்க. இல்லன்னா வந்த வழியே திருப்பி அனுப்புவாங்க."

"ஓட்டல்ல ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துடுவேன். கொசுவை நான் பார்க்கவே மாட்டேன்."

"கொசு உங்களைப் பார்க்கும் சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்குக் காது சிவந்தது.

"சரி. இப்பவே போய்ப் போட்டுட்டு ஓடி வந்துடட்டுமா?"

"போட்ட பத்தாம் நாள்லேருந்துதான் கார்டு செல்லும்."

"பத்து நாளா? பம்பு அங்க நின்னு போய்க் கிடக்கு மேடம். ஊரே தண்ணி இல்லாம உக்காந்திருக்கு."

பாப்பா பெட்டியில் மாட்டும் ஒரு டேகின் பின்பக்கத்தில் விலாசம் எழுதினாள். பயணிகள் தடுப்பூசி மையம், துறைமுக ரோடு. "செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போடுவாங்க. ஒரு மணிக்கு மூடிடுவாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுத் தர்றேன். எங்க, உங்க டிக்கெட்டுல காத்திருப்பு எவ்வளவு..."

திரையைப் பார்த்தாள்.

"பதினாலு மணி நேரம்" என்றாள்.

சொன்ன வாய் மூடவில்லை.

இந்த விதியை அவள் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் இரண்டு பேருக்காவது சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வீட்டுச் சமையலறையில் நின்று, கைபேசியில் அண்ணிக்கு டிக்கெட் போட்டபோது மட்டும் அது எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது.

மெக்கானிக்கின் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, அனுப்பி வைத்தாள். அடுத்தவர் பெட்டியை எடைமேடையில் வைப்பதற்குள் அண்ணியின் பதிவைத் திறந்தாள்.

அண்ணியின் விமானம் வெள்ளிக்கிழமை. விசா முடிவது அதற்கடுத்த வாரம் ஞாயிறு. இன்று ஊசி போட்டால் அடுத்த வார வெள்ளியிலிருந்து கார்டு செல்லும். வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளில் போய் இறங்க வேண்டும். இன்று விட்டால், கார்டுக்கு உயிர் வரும் முன்பே விசா செத்துவிடும்.

மூன்று மணி நேர வழியைப் பார்த்தாள். நிறைந்துவிட்டது. நேர் விமானம் எப்போதோ நிறைந்தது. பதினான்கு மணி நேர வழியில், அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு மாலை இறங்கும் விமானத்தில் இரண்டு இருக்கை மிச்சம் இருந்தது. ஞாயிறு நள்ளிரவோடு விசா முடிகிறது.

பக்கத்துக் கவுண்டர்க்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். வேலை நேரம் முழுக்க ஒலிபரப்பு நிற்காது.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு?"

பாப்பா சொன்னாள்.

"இதுக்கா? உன் அண்ணி, உன் கவுண்டர். கண்ணை மூடிட்டு டேகை மாட்டி அனுப்பு. அங்க யாரு பார்க்கப் போறா?"

"போன மாசம் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினாங்களே. அவங்க பெட்டியை யாரு எடுத்துக் கொடுத்தா?"

"நான்தான்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

ரேடியோ அணைந்தது. "போ. உன் வரிசையை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

பாப்பா வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணிதான் எடுத்தாள். பின்னணியில் அம்மா, "ஆறு, ஏழு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முழங்கால் மாற்றிய பிறகு அம்மாவுக்கு மாடிப்படி ஏறி இறங்கும் பயிற்சி. கூடவே ஏறி இறங்குவது அண்ணி.

"அண்ணி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு உடனே துறைமுக ரோட்டுக்கு வாங்க. ஒரு ஊசி போடணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்கு என்ன வியாதி?"

"வாங்க, சொல்றேன்."

"அத்தை பாதிப் படியில நிக்கிறாங்க."

"ஏத்தி விட்டுட்டு வாங்க அண்ணி."

*

தடுப்பூசி மையம் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. நீளமான நடை. சுவரோரம் ஒரு பெஞ்சு. கடைசியில் பாதி திறந்த கதவு. அதற்குள் ஒரு குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் மூன்று பேர். பம்ப் மெக்கானிக், மடியில் கருவிப் பை. அடுத்து ஒரு கப்பல் சமையல்காரர். அடுத்து விடுமுறைக்குக் காடு பார்க்கக் கிளம்பும் ஒரு டீச்சர்.

மெக்கானிக் பாப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், இங்கயும் நீங்கதானா?"

"உட்காருங்க சார். இங்க நான் யாரும் இல்ல."

அண்ணி வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் கண்ணாடிக் கடைப் பை. வீட்டில் எல்லார் பாஸ்போர்ட்டும் அதில்தான் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். அவசரத்தில் பிரிக்காமல் பையோடு எடுத்து வந்திருந்தாள்.

பெஞ்சின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கவுண்டரில் சொல்வது போலவே சொன்னாள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். யோசிக்க வேண்டியிருந்தால் அவள் அதைத்தான் செய்வாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த விதி உனக்குத் தெரியாதா பாப்பா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து."

அண்ணி ஒரு பக்கத்தைத் துடைத்து முடித்து, அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"தெரிஞ்சே போட்டியா?"

மெக்கானிக் தன் கருவிப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். காதில் விழாதது போல் இருக்கப் பாடுபட்டார்.

பாப்பாவுக்கு இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வேறு சில விஷயங்களும் ஞாபகம் வந்தன. இரவு வேலை முடிந்து வந்தால் மேசையில் மூடி வைத்த தட்டு. அம்மாவின் மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்த டப்பா. அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரம், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தது மகள் இல்லை, மருமகள். விசா வந்த அன்று எல்லோரும் சிரித்தபோது பாப்பாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அது அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சு போடல" என்றாள். "ஆனா, நீங்க போகாம இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சிருக்கேன். ஒரு தடவை இல்ல. பல தடவை."

"அது எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"மூடி வச்ச தட்டைத் திறக்கும்போது உன் மூஞ்சியில எழுதி இருக்கும்." அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எட்டத்துல இருக்கறது எனக்கு நல்லாவே தெரியும். கிட்டத்துலதான் மங்கும்."

 அண்ணிக்குக் கோபமா இல்லையா என்று பாப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

நர்ஸம்மா கதவைத் திறந்து வெளியே வந்தாள். தலைகளை எண்ணினாள்.

"நாலு பேரா, அஞ்சு பேரா?"

"நாலு" என்றாள் பாப்பா. "நான் துணைக்கு வந்தேன்."

"அப்ப இன்னும் ஒருத்தர் வரணும். உள்ள ஒருத்தர் பேர் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருக்கார். அவர் வந்தா சரி."

"எதுக்குங்க அஞ்சு?" என்றார் மெக்கானிக்.

"ஒரு குப்பியில அஞ்சு பேருக்கு மருந்து. கரைச்சுட்டா வைக்க முடியாது, மிச்சத்தைக் கொட்டணும். வர்றதே கொஞ்சம்தான். அதனால அஞ்சு கை சேராம திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

டீ குடிக்கப் போனவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐந்து ஆயிற்று. பெஞ்சில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐந்து பேரும் ஏதோ நெருங்கிய சொந்தம் போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நர்ஸம்மா வாசலிலேயே நாற்காலி போட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இந்தப் பரபரப்பெல்லாம் அவள் பார்த்துச் சலித்தது.

"வயசு? வேற மருந்து சாப்பிடறீங்களா? ஏற்கெனவே ஏதாவது ஊசிக்கு மயக்கம் வந்திருக்கா? முட்டை ஒத்துக்குமா?"

மெக்கானிக் தேறினார். கிரேன்காரர் தேறினார். டீச்சர் தேறினாள்.

அண்ணியின் முறை.

"கர்ப்பமா?"

"வீட்டுக்காரர் வெளிநாடு போய் மூணு வருஷம் ஆகுது."

நர்ஸம்மா தலையைத் தூக்கவில்லை. "அது பதில் இல்ல."

"இல்ல" என்றாள் அண்ணி.

கடைசியாகச் சமையல்காரர்.

"முட்டை ஒத்துக்குமா?"

"சூப்பரா போடுவேங்க. கப்பல்ல என் ஆம்லெட்டுக்கு வரிசை நிக்கும்."

"போடுறது இல்ல. சாப்பிட்டா?"

"சாப்பிட்டா தடிச்சுப் போயிடும். உதடு வீங்கி, மூச்சு அடைக்கும். அதனால சமைக்கிறதோட சரி. வாயில வைக்க மாட்டேன்."

நர்ஸம்மா பேனாவை மூடினாள்.

"உங்களுக்குப் போட முடியாது. இந்த மருந்தை முட்டையில வளர்க்கிறாங்க. பெரிய டாக்டர்கிட்ட போங்க. அவர் பார்த்து, போட வேண்டாம்னு எழுதிக் கொடுப்பார். அதைக் காட்டணும்."

"முட்டையா?" என்றார் சமையல்காரர். "ஊசிக்குள்ளயுமா வந்துடுச்சு சனியன்?"

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து, நான்கு ஆகிவிட்டது.

நடையில் இருந்த கடிகாரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அஞ்சாவதையும் எனக்கே போட்டுடுங்க" என்றார் மெக்கானிக். "உடம்பு தாங்கும்."

"விளையாட்டா இருக்கா?"

"ரோட்டுல போய் யாரையாவது கூட்டிட்டு வரட்டுமா?"

"பாஸ்போர்ட்டோட யாரு ரோட்டுல நிக்கிறா? அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

நர்ஸம்மா குப்பியை எடுத்துக் குளிர்ப்பெட்டியின் பக்கம் திரும்பினாள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத குப்பி. உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. கெஞ்சவில்லை. பையின் ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ ஜன்னல்கள் அவள் முகத்துக்கு நேரே மூடியிருக்கின்றன. இதுவும் ஒன்று என்று உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காருதல்தான் பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், மேசையில் தட்டு மூடி இருக்கும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. முட்டைதான் காரணம்.

பாப்பா கோட்டைக் கழற்றினாள்.

"அஞ்சாவது நான்" என்றாள்.

நர்ஸம்மா திரும்பினாள். "நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல."

"எங்கயும் போகாதவங்களுக்கு எதுக்கு இது?"

"விமானக் கம்பெனி வேலை. எப்ப வேணா எங்க வேணா அனுப்புவாங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும்தானே?"

"செல்லும். பாஸ்போர்ட் இருக்கா?"

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பைக்குள் கையை விட்டாள். அட்டை ஓரம் மடங்கிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

நர்ஸம்மா கேள்விகளைக் கேட்டாள். பாப்பா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஊசி என்றால் பயம். அதை நர்ஸம்மா கேட்கவும் இல்லை.

அண்ணிக்குத் தெரியும். அவள் வந்து எதிரே நின்றுகொண்டாள்.

"இந்தப் பக்கம் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"கண்ணைத் திறந்து பாரு."

"கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும் மேடம்" என்றார் மெக்கானிக். காலையில் சிவந்த காது இப்போது ஆறியிருந்தது.

ஐந்து கைகளிலும் ஐந்து பஞ்சு. ஐந்து மஞ்சள் கார்டுகளில் நர்ஸம்மா ஒரே மாதிரி முத்திரை குத்தினாள். ஊசி போட முடியாத சமையல்காரர்தான் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்ல."

"பொய் சொல்லத் தெரியல உனக்கு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, டீயை ஊதிக் குடித்தாள். பெஞ்சில் வைத்து நெடுநேரம் துடைத்த கேள்விக்கு அதுதான் முடிவு போலிருந்தது.

*

வீட்டில் அம்மா மாடிப்படியின் உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் கையிலும் பஞ்சைப் பார்த்தாள்.

"போறது ஒருத்தி. குத்திக்கிட்டது ரெண்டு பேரா?"

"கணக்குக்கு ஒரு கை குறைஞ்சுது அத்தை" என்றாள் அண்ணி.

"அந்தக் காலத்துல ஒருத்திக்குப் பேறு வந்தா நாலு பேரு முக்குவாங்க. அப்படி இருக்கு."

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். அவனுக்கு வேலைக்கு நடுவில் இடைவேளை. மேசை நடுவில் கைபேசியை வைத்து, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திறந்தாள் அண்ணி.

"என்னங்க. வெள்ளிக்கிழமை என்னால வர முடியாது."

"ஏன்?" என்றான் அண்ணன்.

"ஒரு ஊசி விட்டுப் போச்சு. இன்னிக்குப் போட்டாச்சு. ஆனா அடுத்த வாரக் கடைசியிலதான் வர முடியும்."

அண்ணன் மூச்சு விட்டான்.

பாப்பாவுக்கு அந்த மூச்சு தெரியும். அதை அவள் தினமும் கேட்கிறாள். எடை கூடிய பெட்டியைக் கவுண்டர்க்காரி கவனிக்காமல் பெல்ட்டில் தள்ளிவிட்டால், எதிரே நிற்கும் பயணி விடுகிற மூச்சு அது.

"அப்படியா" என்றான் அண்ணன். "பரவால்ல. பரவால்ல. ஒரு வகையில நல்லதுதான்."

"நல்லதா?"

"இல்ல, வீடு இன்னும் சரியா அமையல. அதான் சொல்றேன்."

அண்ணியின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றவில்லை. தொட்டுக்கொண்டு நின்றது.

"திரை மாட்டின வீடு என்ன ஆச்சு?"

"அதுவா. அது... வேற ஆளுக்குப் போயிடுச்சு. நேர்ல சொல்றேன். விசாவைக் கொஞ்சம் நீட்டிக்க வழி இருக்கான்னு பாரேன். பாப்பாவுக்குத் தெரியுமே அதெல்லாம். அவசரப்பட்டு வந்து நீ கஷ்டப்படக் கூடாது இல்லையா?"

"விசாவை நீட்ட முடியாதுண்ணா" என்றாள் பாப்பா.

"ஓ, நீயும் இருக்கியா." குரல் ஒரு படி இறங்கியது. "சரி, இடைவேளை முடிஞ்சிடுச்சு. அப்புறம் பேசறேன்."

போன் அணைந்தது. அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

இரண்டு வருடம் முன்பு கம்பெனி பாப்பாவை அந்த ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. நேர் விமானம், அதனால் அப்போது ஊசி வேண்டியிருக்கவில்லை. அண்ணன் இரண்டு முறை ஓட்டல் வாசலுக்கு வந்து பார்த்தான். ரூமில் நான்கு பேர் தங்கியிருக்கிறோம், கூட்டிப் போனால் அசிங்கம் என்றான். அவளும் நம்பினாள். அதைப் பற்றி யோசிக்க அன்றைக்குக் காரணம் எதுவும் இல்லை.

அண்ணி இப்போது கண்ணாடியைக் கழற்றினாள். ஆனால் துடைக்கவில்லை. மேசைமேல் வைத்தாள்.

"அந்த விமானத்துல ரெண்டு இடம் மிச்சம்னு சொன்னியே."

"காலையில இருந்துது."

"இப்ப பாரு."

பாப்பா பார்த்தாள். "இருக்கு."

"உன் விசா?"

"பயிற்சிக்கு வாங்கினது. அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும்."

"கார்டு?"

பாப்பா தன் புஜத்தைத் தொட்டுப் பார்த்தாள். சற்று வீங்கி, சூடாக இருந்தது.

"இருக்கு."

"அப்ப நீயும் வா" என்றாள் அண்ணி. "எனக்குக் கிட்டத்துல இருக்கறது மங்கும். கூட ஒரு ஆள் பார்க்கணும்."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பார்க்கிறீங்க?" என்றாள் அம்மா. "என் வீட்டுப் படியில நான் ஏறி இறங்க எவன்கிட்டயும் விசா கேக்க வேண்டியதில்ல. மாத்திரையை மட்டும் பிரிச்சு வச்சுட்டுப் போங்க. போய்ப் பாருங்க. பெத்தவ நான் சொல்றேன், போய்ப் பாருங்க."

மேசையில் அன்றைக்கு யாரும் தட்டை மூடி வைத்திருக்கவில்லை. யாரும் சமைக்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

பாப்பா இரண்டு பெயர்களையும் அடித்தாள். கடைசியில் திரை ஒரு முறை கேட்டது. இடையில் காத்திருப்பு: பதினான்கு மணி நேரம். சம்மதமா?

இந்த முறை தெரிந்தே அழுத்தினாள்.